முள் நிற்பதற்குள்

போனஸ் இருபத்திரண்டாயிரம்.
சீட்டுக்கு மூன்று போக
மீதி எனக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே ஒரு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அரைநாள் லீவு.
பையில் இரண்டு கேமரா, இரண்டும் இரவல்.
ஒன்று யோகராணியின் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த
சூப்பர்ஜூம். மூக்கை நீட்டினால் அறுபது மடங்கு.
இன்னொன்று எட்வின் ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில்
எட்டு மாதமாக விலைச்சீட்டோடு கிடக்கும்
டி.எஸ்.எல்.ஆர்.
குட்டை லென்ஸ். பிடியில் ரப்பர் உரிந்திருக்கிறது.
"ரெண்டு நாள் வச்சுப் பாருங்க,
மழையில மட்டும் காட்டாதீங்க" என்றார்
கோத்தகிரியில் இருந்துகொண்டு.

காந்தி மைதானம். காலிறுதி.
அரவேணுவுக்கும் கட்டபெட்டுக்கும்.
மேற்குக் கோல்கம்பத்தை மேகம்
விழுங்குவதும் துப்புவதுமாக இருந்தது.

முதல் பாதி சூப்பர்ஜூம்.
உட்கார்ந்த படிக்கட்டிலிருந்தே எல்லாம் கிடைத்தது:
கோல்கீப்பர் பெள்ளிராஜின் கையுறையில் பிரிந்த தையல்,
ரெஃப்ரியின் விசிலில் தொங்கிய எச்சில்.
சும்மா திருப்பியபோது எதிர்ச்சரிவுத் தோட்டத்தில்
இடுப்பில் படங்கு கட்டிய லோகேஸ்வரி
வாய்கொள்ளாமல் கொட்டாவி விடுவது.
பந்து மட்டும் கிடைக்கவில்லை.
அழுத்துகிறேன்; அது யோசிக்கிறது.
முன்னே போய்ப் பின்னே வந்து
இதுதானே என்று பச்சைக் கட்டம் போடும்போது
வலை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது.
நாற்பது படம்.
நாற்பதிலும் எதையோ பார்த்து முடித்த முகங்கள்.

கொழுந்து எடை போடுவது என் வேலை.
முள் ஆடி அடங்கும்வரை நின்று
அடங்கியதை எழுத வேண்டும்.
பதினான்கு வருடம்.
ஆடும்போதே எழுதினால்
மூட்டை தூக்கி வந்தவள் சும்மா விடுவாளா?

இடைவேளைக்குப் பிறகு மற்றது.
படிக்கட்டிலிருந்து பார்த்தால் ஆட்கள் அரிசி அளவு.
எழுந்தேன்.
சுண்ணாம்புக் கோட்டை ஒட்டியே நடந்தேன்.
"யக்கா, கோட்டுக்கு வெளிய!" கொடிக்காரப் பையன்.
கம்பத்துக்குப் பின்னால் ஈரப்புல்லில் முட்டி போட்டேன்,
துப்பட்டாவால் கேமராவுக்கு முக்காடு.
இவ்வளவு மூச்சு வாங்குவார்கள் என்று
படிக்கட்டில் தெரியவில்லை.
ஒருமுறை பந்து என் தோளில் பட்டது.
சேற்றோடு எடுத்து எறிந்தேன், பெள்ளிராஜ் தேங்ஸ் சொன்னான்.

எழுபத்தோராவது நிமிடம் அவன் இடப்பக்கம் பாய்ந்தான்.
படக்.
உள்ளே கண்ணாடி எழும்பி விழுந்தது.
அந்தத் துளி நேரம் எனக்கு இருட்டு.
மைதானமே பார்த்ததை நான்
பின்திரையை ஊதித் துடைத்துத்தான் பார்த்தேன்.
புல்லுக்கு ஒரு முழம் மேலே உடம்பு,
விரல்நுனியில் பந்து,
பந்தைச் சுற்றித் தெறித்து நிற்கும் நீர்.
"எப்படித் தட்டினான் பாத்தீங்களா!"
பக்கத்தில் நின்ற பி.டி. வாத்தியார் கத்தினார்.
பார்க்கலை சார் என்று காட்டினேன்.

எதை எடுக்கிறேனோ அதை நான் பார்த்திருக்க மாட்டேன்.
எட்வினின் விலைச்சீட்டில் இது இல்லை.

திங்கட்கிழமை பதினெட்டரைக்கு முடிந்தது.
"தூரத்துக்கு லென்ஸ் தனியா வாங்கணும்,
அது ஒரு பதினாலு ஆகும்."
வேண்டாம், நடந்துக்கிறேன் என்றேன்.
மீதி ஐநூறில் மழைக்கு ஒரு உறை.

செவ்வாய் காலை லோகேஸ்வரி மூட்டையைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் பதினேழைத் தாண்டி, பத்தொன்பதைத் தொட்டு,
திரும்பும் அந்த விளிம்பில்
என் ஆள்காட்டி விரல் தானாக அழுந்தியது,
பேனாவின் மேல்.
"என்னக்கா, எழுதாம நிக்கிறீங்க?"
பதினெட்டு என்று எழுதினேன்.